எம்பிபிஎஸ் கூடினால் பக்கம் சீக்கிரம் திறக்குமா? நெட்வொர்க் மாற்றும் முன் அளந்து பார்க்கும் முறை

வேறு நெட்வொர்க்குக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது பெரும்பாலானோர் செய்வது இதுதான்: அந்த நெட்வொர்க் வைத்திருக்கும் ஒருவரின் போனை வாங்கி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவது. அதில் 90 எம்பிபிஎஸ், தம் போனில் 35. உடனே எண்ணை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் போகிறது. மாறிய பிறகு செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் அதே வெள்ளைத் திரை, அதே சுற்றும் வட்டம். ஸ்பீட் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. ஒரு பெரிய கோப்பை எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்பதைத்தான் அது அளந்தது. பிரவுசிங்கில் அப்படிப்பட்ட பெரிய கோப்பு கிடையாது. நூறு சின்னக் கோப்புகள், அவை ஒவ்வொன்றுக்காகவும் போனுக்கும் சர்வருக்கும் இடையில் நடக்கும் நடைகள், அவ்வளவுதான்.

அந்த நடைகளை எண்ணிப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். முகவரியைத் தட்டியதும் போன் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் அந்தத் தளத்தின் ஐபி எண்ணைக் கேட்கிறது. இது ஒரு நடை. பிறகு தளத்தின் சர்வரோடு டிசிபி இணைப்பு, இன்னொரு நடை. அடுத்து பாதுகாப்புக்கான டிஎல்எஸ். 1.3 பதிப்பானால் ஒரு நடை, பழைய 1.2 ஆனால் இரண்டு. அதன் பிறகுதான் 'பக்கத்தைக் கொடு' என்ற கோரிக்கையே போகிறது. அதற்குப் பதில் வரத் தொடங்க இன்னொரு நடை. ஆக மொத்தம் நான்கு அல்லது ஐந்து. ஒரு நடைக்கு 30 மில்லி விநாடி எடுக்கும் நெட்வொர்க்கில் நான்கு நடைக்கு 120 மில்லி விநாடி ஆகும். ஒரு நடைக்கே 120 எடுக்கும் நெட்வொர்க்கில் கிட்டத்தட்ட அரை விநாடி போய்விடும். இத்தனைக்கும் பக்கத்தின் ஓர் எழுத்துகூட இன்னும் வந்திருக்காது. வேகம் 20 எம்பிபிஎஸ் ஆனாலும் 200 ஆனாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் பிங் என்றும் லேட்டன்சி என்றும் சொல்கிறோம்.

தரவு வரத் தொடங்கிய பிறகும் சர்வர் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கொட்டாது. டிசிபியில் ஸ்லோ ஸ்டார்ட் என்று ஒன்று உண்டு. பொதுவாக முதலில் 10 பாக்கெட் (தரவுத் துண்டுகள்) அனுப்பும், அதாவது சுமார் 14 கேபி. அவை சேர்ந்த தகவல் திரும்பி வந்ததும் 28, பிறகு 56 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 90 கேபி படம் ஒன்று முழுதாக வர மூன்று நடை தேவை. 200 எம்பிபிஎஸ் பாதையை நிரப்பும் அளவுக்கு இந்தப் பெருக்கம் வளர்வதற்குள் கோப்பே முடிந்துவிடும். இதற்கு மேல் எழுத்துரு, விளம்பரம், பார்வையாளர் கணக்கு, வீடியோ துண்டு என்று ஒரே பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வேறு சர்வர்கள் இருக்கும். புதிய சர்வர் ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து அதே நடைகள்தான். பக்கங்களைக் கொண்டுவரும் விதிமுறையின் புதிய பதிப்பாக 2022-இல் தரமாக வெளியான எச்டிடிபி 3, இணைப்பையும் டிஎல்எஸ்ஸையும் ஒரே நடையில் முடிக்கிறது. ஆனால் எல்லாத் தளங்களும் அதற்கு மாறிவிடவில்லை.

இதையெல்லாம் வைத்து என் கணிப்பு இது: நிலையாக 20 எம்பிபிஎஸ் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கூடும் வேகம் பிரவுசிங்கில் பெரிதாகத் தெரியாது. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு; 8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட் (எம்பி). 2.5 எம்பி எடையுள்ள பக்கத்தை 20 எம்பிபிஎஸ் ஒரு விநாடியில் கொண்டுவந்துவிடும். மிச்சக் காத்திருப்பு எல்லாம் நடைகளால் வருவது. அதனால் இரண்டு நெட்வொர்க்குகளை ஒப்பிடும்போது 35, 90 என்ற எண்களை விட, போய்வரும் நேரம் எவ்வளவு, நெரிசல் நேரத்தில் அது எவ்வளவு எகிறுகிறது என்ற இரண்டும்தான் முக்கியம்.

எண்ணை மாற்றும் முன் சிம்மைச் சோதியுங்கள்

பழைய எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு சோதிப்பதில் பயனில்லை. ஒப்பிடப் பழையது கையில் இருக்காது. புதிய நெட்வொர்க்கின் ப்ரீபெய்ட் சிம் அல்லது இ-சிம் ஒன்றைத் தனி எண்ணில் வாங்கி, பழைய சிம்மோடு சேர்த்து ஒரே போனில் போட்டு ஒரு வாரம் சோதிப்பதே சரியான வழி. இரண்டு வேறு போன்களில் ஒப்பிடவே கூடாது. ஆன்டெனா, மோடம், புரொசசர் எல்லாமே மாறுவதால், அளந்தது நெட்வொர்க்கையா போனையா என்று சொல்ல முடியாது. பக்கத்தை இறக்குவது மட்டுமல்ல, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டித் திரையில் வரைவதும் பக்கம் திறக்கும் நேரத்தில் சேர்த்தி. மலிவான போனில் இதுவே ஒன்றிரண்டு விநாடியை விழுங்கும்.

இரட்டை சிம் போனிலும் சில பொறிகள் உண்டு. சில மாடல்களில் இரண்டு சிம்களுக்கும் ஒரே நேரத்தில் 5ஜி கிடைக்காது. பழைய மாடல்கள் சிலவற்றில் இரண்டாவது சிம்முக்கு 4ஜிகூடக் கிடையாது. டேட்டாவுக்குத் தேர்ந்தெடுத்த சிம் எதுவோ அதற்கு 5ஜி அல்லது 4ஜி என்று திரையில் வருகிறதா என்று இரண்டுக்குமே பாருங்கள். ஐயம் இருந்தால் இரண்டு சிம்களையும் மாறி மாறி ஒரே ஸ்லாட்டில் போட்டு அளப்பது மேல். சோதனை நடக்கும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்தால் பெரும்பாலான போன்களில் டேட்டா நின்றுவிடும், அல்லது தடுமாறும். அந்த அளவை அடித்துவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

நெட்வொர்க் வகையை இரண்டு சிம்முக்கும் ஒன்றாக வையுங்கள். ஒன்று 5ஜி, மற்றது 4ஜி மட்டும் என்று இருந்தால் ஒப்பீடு போச்சு. ஐபோனில் '5ஜி ஆட்டோ' என்ற அமைப்பு பேட்டரியை மிச்சப்படுத்தத் தானாக 4ஜிக்கு இறங்கும். சோதனை முடியும்வரை '5ஜி ஆன்' என்று வைக்கலாம். விபிஎன், டேட்டா சேவர், பேட்டரி சேவர், ஐகிளவுட் பிரைவேட் ரிலே எல்லாம் அணைந்திருக்க வேண்டும். செயலிகளின் தானியங்கி அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் நிறுத்துங்கள். வைஃபையை அணைக்க மறப்பது அற்பமான தவறு போலத் தெரியும், ஆனால் விசித்திரமான முடிவுகள் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். போன் சூடேறினால் மோடம் வேகத்தைக் குறைக்கும், 5ஜியை விட்டு 4ஜிக்கும் இறங்கும். அதனால் சார்ஜில் போட்டுக்கொண்டும் வெயிலில் வைத்தும் அளக்கக் கூடாது.

சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம்

மேலே தெரியும் நான்கு, ஐந்து கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு போனில் மூன்று கோடு காட்டும் அதே சிக்னலுக்கு இன்னொரு போன் நான்கு காட்டும். உண்மையான எண் சிக்னலின் ஆற்றலைக் குறிக்கும் டிபிஎம் அளவில் இருக்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்ற வழியில் போனால் கிடைக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* டயல் செய்தால் ஃபீல்ட் டெஸ்ட் திரை திறக்கும்.

4ஜியிலும் 5ஜியிலும் பார்க்க வேண்டிய முதல் எண் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரிலிருந்து போனுக்கு வந்து சேரும் சிக்னலின் பலம். இது எதிர்ம எண். மைனஸ் 80 நன்று, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-க்குக் கீழே போனால் திண்டாட்டம். மைனஸ் 85-க்கும் மைனஸ் 115-க்கும் உள்ள 30 டிபி வித்தியாசம் என்பது ஆற்றலில் ஆயிரம் மடங்கு. இரண்டாவது எண் எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது. 20-க்கு மேல் அருமை, 10-ஐ ஒட்டி இருந்தால் பரவாயில்லை, 0-க்குக் கீழே இருந்தால் கோடுகள் நிறைந்திருந்தாலும் பக்கம் நகராது.

இந்த இரண்டு எண்களையும் வேகத்தோடு சேர்த்துப் படித்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். ஆர்எஸ்ஆர்பி மோசம் என்றால் டவர் தொலைவில் இருக்கிறது, அல்லது சுவர் மறைக்கிறது. ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்ஐஎன்ஆர் மோசம் என்றால் பக்கத்து டவர்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. இரண்டும் நன்றாக இருந்தும் பக்கம் இழுக்கிறது என்றால் டவரில் நெரிசல், அல்லது டவரிலிருந்து பின்னால் போகும் இணைப்பு போதவில்லை. கடைசி வகைக்குப் போனை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பயனில்லை. நெட்வொர்க்கை மாற்றுவது உண்மையாகவே உதவும் இடம் அதுதான்.

வீட்டுக்குள் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று அப்லோட். டவர் 40 வாட் அளவுக்கு அனுப்பலாம். போனுக்குப் பொதுவான உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். அதனால் டவர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது டவருக்குக் கேட்காது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு சுட்டியும், வந்து சேர்ந்த பாக்கெட்டுக்கான ஒவ்வொரு ஒப்புகையும் அப்லோட் வழியாகத்தான் போகிறது. அது திக்கினால் டவுன்லோடும் திக்கும். ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் 15 வந்து அப்லோட் 0.3 வருகிற இடத்தில் பிரவுசிங் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ் அலைவரிசைகள் சுவரைத் தாண்டி வரும், ஆனால் அங்கே ஒரு நிறுவனத்திடம் இருக்கும் அகலம் பெரும்பாலும் குறைவு. 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, வழக்கமான இரண்டு ஆன்டெனா அமைப்பில் தரக்கூடிய உச்சம் சுமார் 150 முதல் 200 எம்பிபிஎஸ். 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 37 முதல் 50. அது உங்களுக்கு மட்டுமானதல்ல, அந்த டவரின் அந்தத் திசையில் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்வது. உள்ளறையில் புதிய நெட்வொர்க் முழுக் கோடு காட்டியும் இரவில் ஊர்ந்தால், அது குறுகிய தாழ் அலைவரிசையில் உட்கார்ந்திருக்கலாம். போன் எந்த பேண்டில் (அலைவரிசையில்) இணைந்திருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஃபீல்ட் டெஸ்ட் திரையிலோ சிக்னல் விவரம் காட்டும் செயலியிலோ தெரியும்.

அளக்கும் விதம்

ஸ்பீட் டெஸ்டை ஒதுக்கச் சொல்லவில்லை, சரியாகப் பயன்படுத்தினால் போதும். ஊக்லா செயலி தானாகவே அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது பல நேரம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும், எண் அழகாக வரும். இரண்டு சிம்முக்கும் ஒரே சர்வரை, இரண்டு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஒன்றை, கையால் தேர்ந்தெடுங்கள். டவுன்லோட் எண்ணுக்குக் கீழே சிறிதாக இருக்கும் மூன்று பிங் எண்களைப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது, டவுன்லோட் நடக்கும்போது, அப்லோட் நடக்கும்போது. சும்மா 35 இருந்து டவுன்லோடின்போது 400-க்குப் போனால், பின்னணியில் ஏதோ ஒரு செயலி அப்டேட் ஆகும் நேரமெல்லாம் பக்கம் திறக்காமல் முரண்டு பிடிக்கும். கிளவுட்ஃப்ளேரின் ஸ்பீட் டெஸ்டும் நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளமும் இந்த இரண்டு நிலைப் பிங்கையும் காட்டும். ஃபாஸ்ட் தளம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்தே இறக்கி அளப்பதால், அதில் மட்டும் எண் மிகக் குறைவாக வந்தால் வீடியோவுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 விநாடி டவுன்லோட் சோதனை 125 எம்பி டேட்டாவைத் தின்னும். 300 எம்பிபிஎஸ் 5ஜியில் 375 எம்பி. அப்லோட் தனி. நாளுக்கு இவ்வளவு என்று அளவுள்ள திட்டத்தில் இதை ஐந்தாறு முறை ஓட்டினால் அளவு தீர்ந்து வேகம் 64 அல்லது 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கப்படும். அதற்குப் பிறகு எடுத்த அளவெல்லாம் குப்பை. வேகமான நெட்வொர்க்கின் டேட்டாதான் முதலில் தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முக்கியமான சோதனை உண்மையான பக்கங்களைத் திறப்பது. தினமும் பார்க்கும் ஐந்து தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு செய்தித் தளம், ஒரு வங்கித் தளம், படம் நிறைந்த கடைத் தளம், எழுத்து மட்டும் உள்ள ஒன்று, வெளிநாட்டில் சர்வர் உள்ள ஒன்று. முகப்புப் பக்கம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் மாறாத உள்பக்கம் ஒன்றின் முகவரியைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாப் பிரைவேட் தாவல்களையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சிம்மில் இறங்கிய படங்கள் கேஷில், அதாவது பிரவுசர் போனிலேயே சேமித்து வைத்த நகல்களில், இருக்கும், இரண்டாவது சிம் சும்மாவே வென்றுவிடும். நண்பரின் போனில் பக்கம் சீக்கிரம் திறப்பதுபோலத் தெரிவதும் பல நேரம் இந்தக் கேஷின் வேகம்தான்.

வரிசையும் முக்கியம். எப்போதும் பழைய சிம் முதலில், புதியது பிறகு என்று அளந்தால், அந்த இடைவெளியில் டவரில் நெரிசல் கூடியதா குறைந்ததா என்பதும் கணக்கில் புகுந்துவிடும். பழையது, புதியது, புதியது, பழையது என்று போங்கள். சிம் மாற்றியதும் ஏர்பிளேன் மோடை 10 விநாடி போட்டு எடுத்து, ஒரு நிமிடம் விட்டு, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து மோடத்தை எழுப்பிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். போன் சிறிது நேரம் சும்மா இருந்தால் ரேடியோ இணைப்பு உறங்கிவிடும். அதை எழுப்பவே 4ஜியில் நூறு மில்லி விநாடிக்குக் குறையாமல் ஆகலாம், 3ஜியில் விநாடிக் கணக்கில் போகும். முதல் தட்டலின் தாமதம் தனியாகத் தொந்தரவு தருகிறது என்றால் அதைத் தனி வரியில் எழுதுங்கள், மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

நேரத்தைக் கணக்கிட ஸ்டாப் வாட்ச் போதாது, கை தாமதமே கால் விநாடி வரும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தொடக்கி, தொடுவதைக் காட்டும் அமைப்பையும் போட்டு, பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விரல் பட்ட கணம், முதல் எழுத்து தெரிந்த கணம், படிக்கும்படி முக்கியப் படமும் தலைப்பும் வந்த கணம். இந்த மூன்றும் போதும். வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், கடைசியாக வரும் விளம்பரத்தின் வேகம் உங்களுக்கு எதற்கு? கூகுள் பரிந்துரைக்கும் அளவுகோலில் முதல் எழுத்து 1.8 விநாடிக்குள்ளும் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள்ளும் வந்தால் நன்று.

கணினி கைவசம் இருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்பைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, கணினி க்ரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து போனின் தாவலைத் திறக்கலாம். பக்கம் போனின் மொபைல் டேட்டாவில்தான் இறங்கும், கணினி வேடிக்கை பார்க்கும் அவ்வளவுதான். நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கிவிட்டு, முதல் வரியில் டிஎன்எஸ், இணைப்பு, டிஎல்எஸ், சர்வர் பதிலுக்குக் காத்திருந்தது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள். எந்த நடையில் நேரம் போகிறது என்று கண்முன்னே தெரியும்.

இதை வீட்டின் உள்ளறை, வேலை செய்யும் இடம், பயணப் பாதை என்ற மூன்று இடத்திலும், காலை, பிற்பகல், இரவு 8 முதல் 10 வரை என்ற மூன்று நேரத்திலும் செய்யுங்கள். நேரமில்லாதவர்கள் எதை விட்டாலும் இரவு அளவை விட வேண்டாம். அதிகாலையில் எல்லா நெட்வொர்க்கும் நல்ல நெட்வொர்க்தான்.

எண்களைப் படிப்பது

சராசரி எடுக்காதீர்கள். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், மிக மோசமானதையும் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரே பக்கம் பழைய சிம்மில் 2.1, 2.3, 2.2, 2.4, 2.2 விநாடி. புதியதில் 1.5, 1.6, 1.4, 7.8, 9.5. நடு எண் பழையதற்கு 2.2, புதியதற்கு 1.6. புதியது வேகம்தான், ஆனால் ஐந்தில் இரண்டு முறை கைவிடுகிறது. நான் இதில் பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 0.6 விநாடி மிச்சமானதை யாரும் கவனிக்க மாட்டார்கள், 9 விநாடி வெள்ளைத் திரையை எல்லோரும் கவனிப்பார்கள். நடு எண்ணில் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் என்றால் அதற்காக மாறுவதில் பொருளில்லை.

ஒரு தளம் மட்டும் புதிய சிம்மில் இழுத்து மற்றவை பறந்தால் அது டவர் பிரச்சினை அல்ல, பாதைப் பிரச்சினை. கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லி விநாடி. அந்த நிறுவனத்துக்கும் தளத்தின் நெட்வொர்க்குக்கும் அருகில் நேரடி இணைப்பு இல்லாமல், தொலைவில் உள்ள நகரம் வழியாக 3000 கிலோமீட்டர் சுற்றிப் போனால் ஒவ்வொரு நடைக்கும் 30 கூடும், ஐந்து நடைக்கு 150.

புதிய சிம்மைக் குறை சொல்லும் முன்

ஏபிஎன், அதாவது நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகப் போனை இணையத்தோடு இணைக்கும் அமைப்பு, பழையதாகவே இருக்கலாம், குறிப்பாகக் கையால் எப்போதோ உள்ளிட்டிருந்தால். ஏபிஎன் பக்கத்தில் 'இயல்புநிலைக்கு மீட்டமை' என்பதைத் தட்டுங்கள். அங்கேயே ஏபிஎன் புரோட்டோகால் ஐபிவி4 என்று மட்டும் இருந்தால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் என்று மாற்றுங்கள். இவை இணைய முகவரியின் பழைய, புதிய வகைகள். சில நெட்வொர்க்குகள் ஐபிவி6-ஐ மையமாக வைத்தே கட்டப்பட்டவை. அங்கே ஐபிவி4 மட்டும் கேட்டால் சுற்றுவழியில் போகும், அல்லது போகாமலே நிற்கும். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து உள்ள பிரைவேட் டிஎன்எஸ்ஸில் பழைய முகவரி ஏதாவது கிடந்தால் தானியங்கிக்கு மாற்றி அளங்கள். பொது டிஎன்எஸ் சில தளங்களுக்குத் தொலைவில் உள்ள நகலைக் கைகாட்டிவிடும். போன் புதிய நிறுவனத்தின் முக்கிய பேண்டுகளை ஆதரிக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. வேறு நாட்டுச் சந்தைக்கான மாடலில் இது அடிக்கடி இடறும். அதே சிம்மில் அழைப்பின்போது மட்டும் நெட் நின்றாலோ 3ஜிக்கு இறங்கினாலோ, 4ஜி வழியாகவே அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்இ இயங்கவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

திட்டத்தையும் பாருங்கள். ஒரே டவரில் எல்லோருக்கும் ஒரே முன்னுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களின் சிம்களும், சில மலிவுத் திட்டங்களும் நெரிசலில் வரிசையின் பின்னால் நிற்கும். சிக்னல் எண்கள் ஒன்றாகவே இருக்கும், இரவில் வேகம் மட்டும் வேறாக இருக்கும். ஆகையால் சோதனைக்கு வாங்கும் சிம், கடைசியில் எடுக்கப்போகும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். எண்ணை மாற்றிக்கொண்ட பிறகும் அந்த ஐந்து பக்கங்களை அதே இடங்களில் இரவு 9 மணிக்கு ஒருமுறை திறந்து, சோதனை சிம்மில் எடுத்த அளவோடு வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்ல இடம், நேரம், பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, பிங் எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த தாளில் இருக்கும். 'நெட் ஸ்லோவாக இருக்கிறது' என்ற புகாருக்குப் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இந்த விவரங்களோடு போகும் புகார் டவரைப் பார்க்கும் பொறியாளர் வரை போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.